உலகிலேயே மலிவான டேட்டா என்கிறார்கள். எங்கள் மலையூருக்கு இணையம் ஏன் எட்டவில்லை?

சாமைக்காடு – கேள்வி

வணக்கம். ஜவ்வாது மலையில், பல குக்கிராமங்கள் சேர்ந்த ஓர் ஊராட்சியில் வசிக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. அதனோடு, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை என்று ஊர்க்காரர்கள் கொண்டுவரும் இணையவழி விண்ணப்பங்களையும் நிரப்பித் தருகிறேன். இந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய முடிவதில்லை. ஊருக்கு மேலே ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அங்கே ஏறி, கைபேசியைக் கிழக்குப் பக்கமாகப் பிடித்தால் இரண்டு கோடு சிக்னல் வரும். ஆதார் சரிபார்ப்புக்கான ஓ.டி.பி. விண்ணப்பிப்பவரின் கைபேசிக்குத்தான் வரும் என்பதால், எழுபது வயதுப் பாட்டியையும் கைபிடித்து அந்தப் பாறைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. எண் வந்து சேரும்போது பல நேரங்களில் அதற்குரிய காலம் முடிந்துபோயிருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மின்கம்பங்கள் வழியாகக் கறுப்புக் கம்பி ஒன்றை இழுத்துவந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். ஃபைபர் (ஒளியிழைக் கம்பி) வந்துவிட்டது, இனி பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் வீடுகளுக்கும் இணையம் கிடைக்கும் என்றார்கள். சில வாரங்கள் வேலை செய்தது. நான் அங்கே உட்கார்ந்து ஒரே நாளில் பதினொரு விண்ணப்பங்களை அனுப்பியது நினைவிருக்கிறது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நின்றது. யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஊராட்சியில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த இரண்டு எண்களும் எடுக்கப்படவில்லை.

செலவும் குறையவில்லை. மகளின் கைபேசிக்கு 28 நாளுக்கு ஒருமுறை 299 ரூபாய் போடுகிறோம். 2024 ஜூலைக்கு முன் அது 239 ரூபாயாக இருந்தது. எனக்கும் கணவருக்கும் தலா 199 ரூபாய். மாதம் முழுவதும் சிக்னல் கிடைக்காத ஊரில் இருந்துகொண்டு, முழுமாத டேட்டாவுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் கேள்வி இதுதான். இந்தியாவில் டேட்டா விலை உலகிலேயே மிகக் குறைவு என்று படிக்கிறேன். அது உண்மையானால் எங்களுக்கு ஏன் எட்டவில்லை? தடையாக இருப்பது விலையா, கம்பியா, பராமரிப்பா? ஓர் ஊராட்சியாக நாங்கள் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் வரும் கிராமசபையில் பேச எனக்கு உதவியாக இருக்கும்.

பழைய எக்ஸ்சேஞ்ச் – பதில்

சகோதரி, வணக்கம். தொலைத்தொடர்புத் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை யாரிடம் கேட்பது என்பது தெளிவாகும்.

முதலில் விலை. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் தொடங்கியது. அன்றைய வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட், இன்று ஒரு புகைப்படத்தை அனுப்பவே அது போதாது. அதன் பிறகு இருபது ஆண்டுகள் விலை மெல்ல மெல்லத்தான் இறங்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி, கைபேசியில் 1 ஜி.பி. டேட்டாவுக்கு வாடிக்கையாளர் கொடுத்த சராசரி விலை 2014இல் 269 ரூபாய்; 2018இல் அது 12 ரூபாய்க்கும் கீழே வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்குள் நுழைந்து, அடுத்த மார்ச் வரை இலவசமாகவே கொடுத்ததும், மற்ற நிறுவனங்கள் விலையைக் குறைக்க நேர்ந்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆகவே மலிவு என்பது பொய் இல்லை. ஆனால் அது டவரின் எல்லைக்குள் இருப்பவருக்கான மலிவு. டவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த விலை தீர்மானிப்பதில்லை; அந்த டவரால் எத்தனை பேர் ரீசார்ஜ் செய்வார்கள் என்ற கணக்கே தீர்மானிக்கிறது. விலை இறங்க இறங்க, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் வருவாயும் இறங்கும். அப்போது ஆள் குறைவான மலையூரில் டவர் வைப்பது நிறுவனத்துக்கு இன்னும் கட்டுப்படியாகாமல் போகும். சமவெளிக்கு நன்மை செய்த அதே விலைப்போட்டி மலையை ஒதுக்கிவிட்டது என்பதை நான் என் பணிக்காலத்திலேயே பார்த்தேன், அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பொதுச்சேவைக் கடமை நிதி என்ற ஒன்று 2002 முதல் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக மிஞ்சும் வருவாயில்) 5 சதவீதத்தை இதற்குச் செலுத்துகின்றன. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியது. நாம் ஒவ்வொருவரும் ரீசார்ஜ் செய்யும் பணத்தில் ஒரு துளி, கட்டுப்படியாகாத ஊர்களுக்காக என்று சொல்லியே எடுக்கப்படுகிறது. ஆகவே நீங்கள் கேட்கப்போவது சலுகை இல்லை. ஏற்கெனவே உங்கள் பெயரைச் சொல்லி வசூலிக்கப்பட்ட பணத்தின் கணக்கு.

இரண்டாவது, டவர். இணைப்பு எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது, பி.எஸ்.என்.எல். வழியாக அது நடைபெறுகிறது. உங்கள் குக்கிராமங்கள் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்பதுதான் நீங்கள் முதலில் கேட்டறிய வேண்டியது. பாறையில் இரண்டு கோடு வருவதை வைத்து ‘இணைப்பு உள்ள ஊர்’ என்று எவரேனும் குறித்திருந்தால் பட்டியலில் வந்திருக்காது. மலையில் இது அடிக்கடி நேரும். ஒரே வருவாய்க் கிராமத்துக்குள் ஒரு குடியிருப்பு மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் இருக்கும்; கணக்கில் இரண்டும் ஒன்றாகவே எழுதப்படும். எனவே ஊராட்சியின் பெயரில் மட்டும் கேட்காமல், ஒவ்வொரு குக்கிராமத்தின் பெயரையும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது, உங்கள் சுவரில் இருக்கும் பெட்டி. அதைப் பொருத்தியவர்கள் யார் என்பது எனக்குத் தெரியாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வில்லையில் திட்டத்தின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்றை மட்டும் சொல்கிறேன். எல்லா ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்லும் திட்டம் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. பின்னர் பாரத்நெட் என்ற பெயரைப் பெற்றது. தொடக்க வடிவமைப்பில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். அந்தப் பாதையில் எங்கே அறுந்தாலும் அதற்கு அப்பால் உள்ள எல்லா ஊர்களும் இருளும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் ஒப்புதல் பெற்றபோது, வளையப் பாதையும் பத்தாண்டுப் பராமரிப்பும் அதில் சேர்க்கப்பட்டன. வளையம் என்றால், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாக ஒளி சுற்றி வந்துவிடும். இப்படி நீண்டகாலப் பராமரிப்பு திட்டத்தின் செலவுக்குள்ளேயே எழுதப்படுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்தால், உங்கள் பெட்டி ஏன் சில வாரங்களிலேயே அணைந்தது என்பது புரியும். கம்பி இழுப்பதற்கு ஒப்பந்தம் உண்டு, தொகை உண்டு, திறப்பு விழாவும் உண்டு. அறுந்ததை ஒட்டுவதற்கு ஆளும் தொகையும் தனியாக ஒதுக்கப்படாவிட்டால் எந்த ஃபைபரும் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டாது.

கம்பிக்காரர் – பதில்

பெரியவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் திருப்பத்தூர் பக்கத்தில் கேபிள் டி.வி. நடத்தி, பிறகு ஃபைபர் இணைப்பும் கொடுத்துவரும் ஓர் உள்ளூர் ஆபரேட்டர். கடைசிக் கிலோமீட்டரில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டவுனில் ஒரு தெருவுக்குள் 200 மீட்டர் கம்பி இழுத்தால் நாற்பது வீடுகள் கிடைக்கும். அதே கம்பியை மலையில் ஏழு கிலோமீட்டர் இழுத்தால்தான் அறுபது வீடுகள் கிடைக்கும். அவற்றிலும் பதினைந்து வீடுகள் இணைப்பு எடுத்தாலே பெரிய விஷயம். டவுன் வாடிக்கையாளர் மாதம் 399 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டுகிறார், மலை வாடிக்கையாளருக்கும் அதே கட்டணம்தான் வைக்க முடியும், கூடுதலாகக் கேட்க எனக்கே மனம் வராது. அந்தப் பணத்தில் நிறுவனத்தின் பங்கு போக என் கையில் மிஞ்சுவதை வைத்து, மாதம் இருமுறை மேலே ஏறிப் பழுது பார்ப்பதற்கான பெட்ரோல் செலவைக்கூட எடுக்க முடியாது. ஒரு முறை முயன்று பார்த்தேன். பதினான்கு மாதங்கள் நடத்தினேன். ஆடி மாதக் காற்றில் மூன்று இடங்களில் மரம் விழுந்து கம்பி அறுந்த பிறகு, கையை விட்டுப் போகும் பணத்தைத் தாங்க முடியாமல் நிறுத்தினேன். இணைப்பு எடுத்திருந்த பதினொரு வீட்டுக்காரர்களிடம் போய் நிறுத்தப்போவதைச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை.

மலையில் கம்பி அறுவதற்குக் காரணங்கள் பல. மரம் விழுவது ஒன்று. சாலையை அகலப்படுத்தும்போது ஜே.சி.பி. வாளியில் சிக்குவது மற்றொன்று. குரங்கு கடிப்பதும் உண்டு. மின்கம்பத்தை மாற்றும்போது கம்பியை வெட்டிக் கீழே போட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஒட்டுவது பெரிய வேலை இல்லை. ஸ்பிளைசிங் இயந்திரம் இருந்தால் ஓர் இழையை இணைக்கச் சில நிமிடங்கள் போதும். எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலும், அந்த இடத்துக்கு ஆளையும் இயந்திரத்தையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலும்தான் நாள்கள் போகின்றன. இயந்திரம் மாவட்டத் தலைநகரில் இருக்கும், ஆள் வேறு ஒப்பந்தத்தில் இருப்பார்.

எனவே சகோதரி, நீங்கள் கிராமசபையில் ‘எங்களுக்கு ஃபைபர் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ஃபைபர் கொடுத்தாயிற்று என்று பதில் வந்து, கோப்பு மூடப்படும். ‘அறுந்தால் எத்தனை நாளில் ஒட்டப்படும், அதற்குப் பொறுப்பாளர் யார், அவர் தவறினால் யாரிடம் சொல்வது’ என்று எழுதுங்கள். மலையிலேயே இரண்டு இளைஞர்களுக்கு இந்த வேலையைப் பழக்கி, ஒன்றிய அளவில் ஓர் இயந்திரத்தைக் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று உறுதியாக நம்புகிறேன். கற்றுக்கொடுக்க நான் தயார். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்போதே ஒன்று செய்யுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். பவர் என்ற விளக்கு எரிகிறதா? எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா? இந்த இரண்டையும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

மாதக்கணக்கு – பதில்

இருவரும் கம்பியைப் பற்றி நன்றாக விளக்கினார்கள். ஆனால் விலைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதைப் போன்ற தொனி முதல் பதிலில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. நான் மதுரையில் வீட்டுவேலைத் தொழிலாளர்களின் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் உறுப்பினர்கள் வீட்டு வாசலிலேயே டவர் நிற்கிறது, சிக்னல் குறைவே இல்லை. இருந்தும் மாதக் கடைசியில் பலருடைய கைபேசியில் இணையம் இருப்பதில்லை.

காரணம், ஒரு ஜி.பி.யின் விலையை வைத்து மலிவைக் கணக்கிடுகிறார்கள். ஏழைக் குடும்பம் டேட்டாவை ஜி.பி. கணக்கில் வாங்குவதில்லை. இணைப்பு உயிரோடு இருப்பதற்கு ஒரே நேரத்தில் எடுத்துவைக்க வேண்டிய மிகச் சிறிய தொகை எவ்வளவு என்பதே அவர்களுக்கு விலை. அரிசி மலிவு என்று சொல்லிவிட்டு, மூட்டையாக மட்டுமே விற்பதைப் போன்றது இது. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்று 28 நாளுக்கு வாங்கினால் ஒரு ஜி.பி. ஏழு ரூபாய்தான் ஆகிறது. ஆனால் கையில் முந்நூறு ரூபாய் மொத்தமாக இருந்தால்தான் அந்த ஏழு ரூபாய் விலை கிடைக்கும்.

28 நாள் என்ற கணக்கையும் பாருங்கள். மாதந்தோறும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை கட்டுகிறோம். மக்களின் புகார்களுக்குப் பிறகு 2022 ஜனவரியில், 30 நாளுக்கான திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் ஆணையிட்டது. அவை இருக்கின்றன, ஆனால் கடையில் கேட்டால்தான் சொல்வார்கள். சகோதரியின் குடும்பக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 299 ரூபாய் பதின்மூன்று முறைக்கு 3,887 ரூபாய். 199 ரூபாய் வீதம் இரண்டு கைபேசிகளுக்குப் பதின்மூன்று முறை என்றால் 5,174 ரூபாய். ஆக மொத்தம் ஆண்டுக்கு 9,061 ரூபாய். தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். 27 நாள் கூலி முழுதாக ரீசார்ஜுக்குப் போகிறது.

ஐ.நா.வின் அகன்ற அலைவரிசை (பிராட்பேண்ட்) ஆணையம், தொடக்கநிலை இணையச் சேவையின் விலை ஒரு நாட்டின் தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2025ஆம் ஆண்டுக்கு இலக்கு வைத்தது. சராசரியை எடுத்தால் இந்தியா அந்த இலக்குக்குள் எளிதாக வந்துவிடும். ஆனால் மாதம் 9,000 ரூபாய் வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு 2 சதவீதம் என்பது 180 ரூபாய். அதுவும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து. அந்தத் தொகை சகோதரி வீட்டின் ஒரே ஒரு 199 ரூபாய் ரீசார்ஜுக்குக்கூடப் போதாது. சராசரி என்பது சென்னை மென்பொருள் ஊழியரையும் ஜவ்வாது மலையின் சாமை விவசாயியையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பது.

பணம் போதாத வீட்டில் முதலில் யாருடைய ரீசார்ஜ் நிற்கும் என்பது எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுடையது நிற்கும், அடுத்தது மகளுடையது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு நடந்த 2019-21 காலத்தில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம் என்று கண்டறிந்தார்கள். இந்த வேறுபாட்டைக் கம்பியும் டவரும் மட்டும் உருவாக்கவில்லை.

இன்னொன்றையும் கோபத்தோடுதான் சொல்கிறேன். அரசு தன் சேவைகளை ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் கொண்டுபோகிறது. 2023 ஜனவரி 1 முதல், 100 நாள் வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளர் வருகையைக் கைபேசிச் செயலியில் புகைப்படத்தோடு நாளுக்கு இருமுறை பதிவதைக் கட்டாயமாக்கினார்கள். இணையத்தைக் கட்டாயமாக்குகிறவர்கள், அதைக் குடிநீரைப் போல, சாலையைப் போலப் பொதுவில் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். கல்லூரி விடுதியில் கைபேசிக்குத் தடை விதித்ததை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அதே கேரளத்தில் 2023 ஜூன் மாதம் கே-ஃபோன் என்ற மாநில ஃபைபர் திட்டம் தொடங்கியபோது, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் நோக்கங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஆகவே கிராமசபைத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பெட்டி உயிர்பெற்றதும் ஊராட்சி அலுவலகம், பள்ளி, சுகாதார நிலையம் ஆகிய மூன்று இடங்களில் இலவச வைஃபை வேண்டும், மாலை ஆறு மணிக்குப் பிறகும் அது இயங்க வேண்டும். கூலிக்குப் போகும் பெண்களுக்கு அதன் பிறகுதான் நேரம் கிடைக்கும்.

கடல் தாண்டி – பதில்

நான் அந்தமானில், முன்பு போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழன். உங்கள் பாறையைப் பற்றிப் படித்தபோது எங்கள் பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. 2020 வரை எங்கள் தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. அதன் கொள்ளளவு மிகக் குறைவு, விலையோ மிக அதிகம். சென்னையில் என் அத்தை வீட்டில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்த வேகத்தை இங்கே எந்தத் தொகை கொடுத்தும் வாங்க முடியாது. தேர்வு முடிவைப் பார்க்க, சென்னையில் இருக்கும் உறவினருக்குத் தொலைபேசியில் பதிவெண்ணைச் சொல்லிக் கேட்போம்.

2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஃபைபர் தொடங்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். பெரியவர் சொன்ன அதே பொதுச்சேவைக் கடமை நிதிதான் அதற்குப் பணம் கொடுத்தது. சில லட்சம் பேருக்காக வங்கக் கடலின் அடியில் எந்தத் தனியார் நிறுவனமும் தானாகக் கம்பி போட்டிருக்காது. போட்ட பிறகுதான் தனியார் நிறுவனங்களின் நல்ல 4ஜி சேவை வந்தது. அவர்களும் அதே கம்பியின் மேல்தான் ஓடுகிறார்கள். ஊரடங்குக் காலத்தில் என் தங்கை முதல் ஐந்து மாதங்கள் ஒரு வகுப்பிலும் ஒழுங்காகச் சேர முடியாமல் இருந்தாள்; ஆகஸ்டுக்குப் பிறகு ஆசிரியரின் முகத்தைத் தடங்கலின்றிப் பார்த்தாள். என் அப்பா அன்று அழுதார்.

மாதக்கணக்கு சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அனுபவத்தில் கம்பி முதலில், விலை பிறகு. கம்பி வந்தவுடன் விலை தானாக இறங்கத் தொடங்கியது. உங்கள் மலைக்கு வேண்டியது 2,300 கிலோமீட்டர் இல்லை; ஏற்கெனவே போட்ட சில கிலோமீட்டரைப் பழுது பார்ப்பதுதான். அது நடக்காமல் இருப்பதை ஏற்க முடியவில்லை.

சாமைக்காடு – கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் என் நன்றி. இரண்டு நாள்களாக இதே வேலையாக இருந்தேன்.

பெட்டியைப் பார்த்தோம். எந்த விளக்கும் எரியவில்லை. அதற்கான மின்செருகியைக் கழற்றி, அந்த இடத்தில் மின்விசிறியின் செருகியை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பேட்டரி வீங்கிப் போயிருந்தது. பேட்டரியை விலக்கிவிட்டு நேரடியாக மின்சாரம் கொடுத்ததும் பவர் விளக்கு பச்சையாக எரிந்தது. ஆனால் எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது. வில்லையில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் குழுவின் ஐந்து பெண்கள் கம்பியைப் பார்த்துக்கொண்டே சாலையோரமாகக் கீழ்நோக்கி நடந்தோம். நான்காவது கிலோமீட்டரில், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, புதிதாக நட்ட மின்கம்பம் ஒன்றின் அடியில் கறுப்புக் கம்பி இரண்டாக அறுந்து சுருண்டு கிடக்கிறது. அந்தக் கம்பத்தின் எண்ணையும் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பேருந்து ஒவ்வொரு நாளும் அந்தக் கம்பியைக் கடந்துதான் போய் வந்திருக்கிறது.

அக்டோபர் 2 கிராமசபைக்கான தீர்மானத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: குறிப்பிட்ட எண்ணுள்ள கம்பத்தில் அறுந்த ஃபைபரை ஒட்ட வேண்டும், இனி அறுந்தால் எத்தனை நாளில் ஒட்டப்படும், யார் பொறுப்பு என்பதை எழுத்தில் தர வேண்டும், மூன்று இடங்களில் மாலையிலும் இலவச வைஃபை வேண்டும், ஒன்பது குக்கிராமங்களில் எவை 4ஜி திட்டப் பட்டியலில் உள்ளன என்று தனித்தனியே தெரிவிக்க வேண்டும். இது சரியா? இந்தத் தீர்மானத்தை யாரும் கிடப்பில் போடாமல் இருக்க வேறு என்ன செய்யலாம்?

பழைய எக்ஸ்சேஞ்ச் – பதில்

சகோதரி, நீங்கள் ஐந்து பேரும் நடந்து கண்டுபிடித்ததைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தீர்மானம் மிகச் சரியாக இருக்கிறது. நிறைவேறியதும் அதன் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புகையோடு கொடுங்கள். அதே வாரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய்க் கட்டணத்தில், பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலையும் உங்கள் பெட்டி எண்ணுக்குப் பதிவான பழுதுப் புகார்களின் பட்டியலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். புகாரே பதிவாகவில்லை என்று பதில் வந்தால், கணக்கில் உங்கள் பெட்டி இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதையே எழுத்தில் பெற்றுக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம். மனுவை எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள்.

கம்பிக்காரர் – பதில்

சிவப்பு விளக்கு என்றால் ஒளி வரவில்லை என்று பொருள். நீங்கள் கண்ட அறுப்பே காரணமாக இருக்கலாம், ஆனால் அதற்குக் கீழேயும் ஓர் அறுப்பு இருக்கக்கூடும், எனவே ஒன்றியத் தலைமையிடம் வரை பாதையைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒட்டுபவர்கள் வரும் வரை மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மின்கம்பத்தில் யாரும் ஏற வேண்டாம். அறுந்த முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். இரண்டு முனைகளையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நீர் புகாமல் கயிற்றால் இறுகக் கட்டி, தரையில் படாமல் தொங்கவிடுங்கள்; ஈரம் உள்ளே போனால் பல மீட்டர் கம்பியை வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

பக்கத்துக் கம்பங்களில் கம்பி வளையமாகச் சுற்றிக் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டுவதற்காகவே விட்டுவைக்கும் உபரி அது. அது இருந்தால் புதுக் கம்பி இல்லாமலே இணைத்துவிடலாம். எந்தக் கம்பத்தில், ஏறத்தாழ எத்தனை சுற்று என்று எண்ணி, தீர்மானத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.